ஃபுல் சிக்னல், சுற்றும் வீடியோ: வை-ஃபை எக்ஸ்டெண்டர் செய்வதும் செய்யாததும்

ரௌட்டர் வீட்டின் முன்பக்கம். நெட் எடுக்காத அறை கடைசியில். இடையில் மூன்று சுவர், ஒரு இரும்பு பீரோ. பிளக்கில் செருகும் எக்ஸ்டெண்டர் ஒன்றை வாங்கிவந்து, எந்த அறையில் நெட் வரவில்லையோ அந்த அறையிலேயே செருகினேன். வலிக்கிற இடத்தில்தானே தைலம் தேய்க்க வேண்டும்? போனில் உடனே சிக்னல் ஃபுல். வீடியோவைத் தட்டினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் பெட்டியைத் திட்டினேன், ரீசெட் செய்தேன், மறுபடி திட்டினேன். மூன்றாம் நாள் அந்த பிளக் பாயின்ட் வேறு ஒன்றுக்குத் தேவைப்பட்டதால், பெட்டியைக் கழற்றி நடைவழியில் செருகிவைத்தேன். அன்றைக்குத்தான் பின்னறையில் வீடியோ ஓடியது.

பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை. அது என்ன செய்யும் என்று நான் நினைத்ததில்தான் கோளாறு. பலரும் இதை ‘பூஸ்டர்’ என்கிறார்கள். அந்தப் பெயரே பாதி ஏமாற்று. ஒலிபெருக்கி போல, வருகிற மெல்லிய அலையைப் பிடித்து உரக்கச் சொல்லும் கருவி என்று அது நம்மை நினைக்கவைக்கிறது. அப்படி அலையை மட்டும் பெருக்கினால் அதோடு கலந்திருக்கும் இரைச்சலும் சேர்ந்து பெருகும். எக்ஸ்டெண்டர் செய்வது அதுவல்ல. ரௌட்டரிலிருந்து வரும் தரவுப் பொட்டலத்தை முழுதாக வாங்குகிறது, பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கிறது, பிறகு தன் சொந்த ஆன்டெனாவிலிருந்து புதிதாக அனுப்புகிறது. அஞ்சலோட்டத்தில் நடுவில் நிற்கும் ஓட்டக்காரன் மாதிரி. முதல் ஆள் கொண்டுவந்து கொடுத்தால்தான் இவன் ஓட முடியும். இவன் எவ்வளவு வேகக்காரனாக இருந்தாலும் சரி, கோல் கைக்கு வரும்வரை நிற்கத்தான் வேண்டும்.

இந்தப் பெட்டிக்கு இரண்டு முகம். ரௌட்டரைப் பார்த்திருக்கும் முகம் ஒரு சாதாரண போனைப் போல நடந்துகொள்கிறது: பாஸ்வேர்டு சொல்லி உள்ளே நுழைகிறது, ரௌட்டர் தரும்போது வாங்கிக்கொள்கிறது. நம் பக்கம் பார்த்திருக்கும் முகம் ஒரு குட்டி ரௌட்டரைப் போலப் பெயர் அறிவித்து நம் கருவிகளைச் சேர்த்துக்கொள்கிறது. போனில் தெரியும் சிக்னல் அடையாளம் இந்த இரண்டாம் முகத்துக்கும் போனுக்கும் நடுவில் இருக்கும் உறவை மட்டுமே சொல்லும். முதல் முகத்துக்கும் ரௌட்டருக்கும் பேச்சுவார்த்தை எப்படி என்று போனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. என் பின்னறையில் நடந்தது இதுதான். பெட்டி போனுக்குப் பக்கத்தில் இருந்தது, அதனால் ஃபுல் சிக்னல். பெட்டிக்கே சிக்னல் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

சிக்னல் என்று நாம் சொல்வதை அளக்க டிபிஎம் என்ற அலகு இருக்கிறது. ஒரு மில்லிவாட் என்பது 0 டிபிஎம். பத்துப் புள்ளி இறங்கினால் பலம் பத்தில் ஒரு பங்காகிவிடும். வீட்டு ரௌட்டர் வெளியிடுவது 100 மில்லிவாட் ஒட்டி, அதாவது சுமார் 20 டிபிஎம். அதன் பக்கத்திலேயே நின்றால் போனுக்குக் கிடைப்பது மைனஸ் 30 வாக்கில். அதுவே ஒரு மில்லிவாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். நாலு சுவர் தாண்டி மைனஸ் 70 என்று காட்டினால், ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நொய்ந்த அலையிலிருந்து ஒரு போன் எழுத்தையும் படத்தையும் பிரித்தெடுப்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மைனஸ் 60க்கும் 70க்கும் ‘பத்துதானே வித்தியாசம்’ என்று விட்டுவிடக் கூடாது. அது பத்து மடங்கு வித்தியாசம்.

திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் பலம் நாலில் ஒரு பங்காகும். டிபிஎம் கணக்கில் 6 புள்ளி, அதாவது 6 டெசிபல் இழப்பு. வீட்டுக்குள் தூரத்தைவிடச் சுவர்தான் பெரிய எதிரி. மரக் கதவு கொஞ்சம்தான் தின்னும். இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட் சுவரோ தளமோ ஒன்றே பத்து டெசிபலுக்கு மேல் விழுங்கிவிடும். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும். கண்ணாடிக்குப் பின்னால் பூசப்பட்ட மெல்லிய உலோகப் பூச்சும் உலோகம்தான் என்பதால் ஆளுயர நிலைக்கண்ணாடிகூடத் தடையாகும். தண்ணீர் அலையை உறிஞ்சும். மீன்தொட்டிக்குப் பின்னால் ரௌட்டரை வைப்பது நல்ல யோசனை அல்ல. (நம் உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். கூடம் நிறைய ஆட்கள் இருந்தால் சிக்னல் சற்றுத் தளர்வது கற்பனை இல்லை.)

அலைவரிசையும் ஒரு காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ., 5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 6 செ.மீ. குட்டை அலை சுவர் தாண்டுவதில் பெரும்பாலும் நெட்டை அலைக்குப் பின்தங்கியே நிற்கும். பதிலுக்கு 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகம் அதிகம். 2.4இல் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடிய சேனல்கள், அதாவது அலைவரிசைக்குள் பிரித்துவைத்த தடங்கள், 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அக்கம்பக்கத்து வீடுகள், புளூடூத் கருவிகள், 2.45 கிகாஹெர்ட்ஸ் ஒட்டி இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே குறுகிய தெருவில்தான் நடமாட வேண்டும். 2020இல் அமெரிக்கா தொடங்கிவைத்து, பின்னர் பல நாடுகள் திறந்துவிட்ட 6 கிகாஹெர்ட்ஸ் இன்னும் விசாலமானது. சுவருக்கு இன்னும் பயந்தது.

சிக்னல் குறைந்தால் வை-ஃபை உடனே அறுந்துவிடுவதில்லை. அது பேச்சை மெதுவாக்கிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவரிடம் கடகடவென்று பேசுவோம். சந்தடியில் தூரத்தில் நிற்பவரிடம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வோம் அல்லவா, அதேபோல. அலை தெளிவாக இருந்தால் வை-ஃபை 6 என்ற தலைமுறை, ஒரு முறை அனுப்பும் ஒரே அலைக் குறியீட்டில் 10 பிட் வரை திணிக்கும். அலை நைந்துபோனால் ஒரு குறியீட்டுக்கு ஒரு பிட் என்று இறங்கிவரும். இதில் கவனிக்க வேண்டியது, மெதுவாகப் பேசும் கருவி தன் நேரத்தை மட்டும் வீணாக்குவதில்லை. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால், அது பேசி முடிக்கும்வரை மற்ற எல்லாக் கருவிகளும் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். தப்பான இடத்தில் செருகிய எக்ஸ்டெண்டர், ரௌட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வேகத்தையும் சேர்த்துக் கெடுப்பது இப்படித்தான்.

எக்ஸ்டெண்டர் வேகத்தைப் பாதியாக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. ஒற்றை ரேடியோ (அலையை அனுப்பி வாங்கும் பகுதி) உள்ள பெட்டி, ரௌட்டரிடம் கேட்பதும் போனிடம் சொல்வதும் ஒரே சேனலில். கேட்கும்போது சொல்ல முடியாது, சொல்லும்போது கேட்க முடியாது. ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இரண்டு முறை போகிறது. ஆகவே இரண்டு மடங்கு நேரம். ரௌட்டரிலிருந்து பெட்டிக்கு 200 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 200 மெகாபிட்), பெட்டியிலிருந்து போனுக்கும் 200 என்றால், கடைசியில் கையில் கிடைப்பது 100.

ஆனால் இரண்டு பாதியும் எப்போதும் சமமாக இருப்பதில்லை, என் பின்னறை மர்மம் அங்கேதான் அவிழ்கிறது. கணக்கு போட்டே பார்க்கலாம். பெட்டி பின்னறையில் இருந்தபோது ரௌட்டர்–பெட்டி இணைப்பு 10 எம்பிபிஎஸ், பெட்டி–போன் இணைப்பு 300 என்று வைத்துக்கொள்வோம். 100 மெகாபிட் வந்துசேர, முதல் பாதைக்கு 10 விநாடி, இரண்டாவதற்கு 0.33 விநாடி. கூட்டினால் 10.33 விநாடி, அதாவது வேகம் 10கூடத் தேறாது. போனில் மின்னும் அந்த 300 ஒரு காசுக்குப் பிரயோஜனம் இல்லை. அதே பெட்டி நடைவழிக்கு வந்ததும் முதல் இணைப்பு 150, இரண்டாவது 100 என்று மாறினால், நேரம் 0.67 விநாடியும் 1 விநாடியும். மொத்த வேகம் 60. போனில் சிக்னல் ஒரு படி குறைந்தது, வேகம் ஆறு மடங்கு கூடியது.

அந்தப் பாதியாகும் விஷயம் எல்லாருக்கும் உறைப்பதும் இல்லை. வீட்டுக்கு வரும் இணைய இணைப்பே 40 எம்பிபிஎஸ் என்றால், எக்ஸ்டெண்டர் வழியாக 60 கிடைக்கும்போது எதுவும் குறைந்ததாகத் தெரியாது. குழாயின் வாய் அங்கேயே குறுகல். 300, 500 என்று பெரிய இணைப்பு வைத்திருப்பவர்கள்தான் பின்னறையில் வேகத்தைச் சோதித்துப் பார்த்துக் குமுறுவார்கள்.

இரட்டை அலைவரிசைப் பெட்டிகள் இதைக் கொஞ்சம் சமாளிக்கின்றன. ரௌட்டரிடம் 5 கிகாஹெர்ட்ஸில் கேட்டுக்கொண்டே போனிடம் 2.4இல் பேசலாம்; இரண்டு ரேடியோவும் ஒரே சமயத்தில் இயங்கும். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ‘ஏசி 1200’ (ஏசி என்பது ஒரு வை-ஃபை தலைமுறையின் பெயர்) என்பது 2.4இல் 300, 5இல் 867 என்ற இரண்டு உச்ச வேகங்களைக் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்ட விளம்பரத் தொகை. ஒரு போன் ஒரு நேரத்தில் இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். அந்த உச்சமும் ஏட்டுக் கணக்குதான்; ஒப்புகைகள், காத்திருப்புகள் எல்லாம் போக அதில் பாதி, கொஞ்சம் கூடக் கிடைத்தால் நல்ல நாள். இந்த எண்ணைப் போட்டுக்கொண்டே மலிவான சில பெட்டிகளில் கேபிள் துளை 100 எம்பிபிஎஸ் உச்சத்தோடு நின்றுவிடும். வாங்குமுன் பார்க்க வேண்டிய சின்ன எழுத்து அதுதான்.

சரி, எங்கே செருகுவது? ‘ரௌட்டருக்கும் அறைக்கும் நடுவில்’ என்று கையேட்டில் எழுதியிருக்கும். தப்பில்லை, ஆனால் அளவுநாடாவால் கண்டுபிடிக்கும் நடு அல்ல அது. இரண்டு சுவர் ஒரு பக்கம், ஒன்றுமில்லாத நடைவழி மறுபக்கம் என்றால் தூரத்தின் நடு வேறு, சிக்னலின் நடு வேறு. நான் செய்வது இது: எக்ஸ்டெண்டரைக் கையில்கூட எடுக்காமல், ரௌட்டரோடு நேராக இணைந்த போனை மட்டும் எடுத்துக்கொண்டு ரௌட்டரிலிருந்து அந்த அறையை நோக்கி நடப்பேன். வழியில் உள்ள ஒவ்வொரு பிளக் பாயின்ட் பக்கத்திலும் நின்று வேகத்தைச் சோதிப்பேன். சிக்னல் எண்ணைக் காட்டும் செயலி இருந்தால் இன்னும் வசதி. குரல் அழைப்புக்கு மைனஸ் 67 டிபிஎம்முக்குக் கீழே போகக் கூடாது என்பது நெட்வொர்க் அமைப்பவர்கள் கையாளும் ஒரு கணக்கு. எக்ஸ்டெண்டருக்கு அதைவிடக் கொஞ்சம் மேலேயே, மைனஸ் 60 சுற்றி இருக்கும் இடத்தைப் பிடிப்பது நல்லது. வேகம் சட்டென்று சரியும் இடத்துக்கு முந்தைய பிளக், அதுதான் இடம்.

பிளக்கில் செருகும் வடிவத்துக்கு என்று ஒரு தலைவலி இருக்கிறது. நமக்கு வேண்டிய இடத்தில் பிளக் பாயின்ட் இருக்காது. இருக்கிற பிளக் பாயின்ட் முழங்கால் உயரத்தில், பீரோவுக்கோ ஃபிரிட்ஜுக்கோ பின்னால் ஒளிந்திருக்கும். ஃபிரிட்ஜ் என்பது அலையின் பார்வையில் ஒரு இரும்புச் சுவர். அப்படி இருந்தால் எக்ஸ்டென்ஷன் போர்டு போட்டுப் பெட்டியை ஒரு மீட்டர் மேலேயோ பக்கத்திலோ கொண்டுவருவது, விலை கூடிய புது மாடலுக்கு மாறுவதைவிடப் பலன் தரும். திரைச்சீலைக்குப் பின்னால் மூடிவைக்காமல் காற்றோட்டம் விடுங்கள், நாள் முழுக்க இயங்குவதால் லேசாகச் சூடாகும்.

இணைத்த பிறகு வரும் குழப்பங்களில் முக்கியமானது போனின் பிடிவாதம். எந்தப் பெட்டியோடு இருப்பது, எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது ரௌட்டரும் அல்ல, எக்ஸ்டெண்டரும் அல்ல, போன்தான். முன்னறையில் ரௌட்டரோடு சேர்ந்த போன், நாம் பின்னறைக்கு நடந்துபோன பின்னும், சிக்னல் கடைசி மூச்சில் இருந்தாலும், பழைய உறவை விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே எக்ஸ்டெண்டர் காத்திருக்கும். வை-ஃபையின் தரநிலையான 802.11இல் கே, வி, ஆர் என்ற மூன்று துணைத் தரநிலைகள் ‘அங்கே மாறிக்கொள்’ என்று போனுக்கு யோசனை சொல்லவும் மாறுவதை விரைவாக்கவும் வந்தவைதான். இரண்டு பெட்டியும் போனும் மூன்றுமே அவற்றைப் புரிந்துகொண்டால்தான் பயன். அதனால், எக்ஸ்டெண்டருக்கு ரௌட்டரின் பெயரையே வைப்பதா, வேறு பெயரா? நகராத டிவிக்கு வேறு பெயர் இருப்பதே நல்லது. எதில் சேர வேண்டும் என்று நாமே சொல்லிவிடலாம். கையோடு சுற்றும் போனுக்கு ஒரே பெயர் வசதி. முதல் வாரம் தனிப் பெயர் வைத்து எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பெயரை ஒன்றாக்குவது என் வழக்கம்.

இன்னொரு விசித்திரம், ரௌட்டரின் பட்டியலைத் திறந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும். எக்ஸ்டெண்டருக்குப் பின்னால் இருக்கும் நாலு கருவிகளும் ஒரே வன்பொருள் முகவரியோடு (ஒவ்வொரு கருவியையும் நெட்வொர்க்கில் அடையாளம் காட்டும் எண்), அல்லது யாருடையது என்றே தெரியாத புது முகவரியோடு நிற்கும். போனும் ரௌட்டரும் பேசிக்கொள்ளும் சாதாரண வை-ஃபை பொட்டலத்தில் மூன்று முகவரிகளே பயன்படுகின்றன. நடுவில் ஒருவர் நின்று வாங்கிக் கொடுக்கும்போது, அசல் அனுப்புநர், அசல் பெறுநர், இந்தக் கை, அந்தக் கை என்று நான்கு வேண்டும். நான்காவது முகவரிக்கான இடம் 1997இல் வந்த முதல் தரநிலையிலேயே இருக்கிறது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று முழுதாக வகுக்காமல் விட்டதால், ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் போக்கில் செய்தார்கள். எந்த ரௌட்டரோடும் சேர வேண்டும் என்ற கட்டாயத்தில் இருக்கும் எக்ஸ்டெண்டர்கள் பலவும் குறுக்குவழியாகத் தன் முகவரியையே எல்லாருக்கும் போட்டு அனுப்பிவிடுகின்றன. பிள்ளைகளின் டேப்லெட்டுக்கு மட்டும் இரவு ஒன்பது மணிக்கு நெட் நிற்க வேண்டும் என்று ரௌட்டரில் அமைத்திருந்தால், எக்ஸ்டெண்டர் வந்த அன்றிலிருந்து அது வேலை செய்யாமல் போகலாம். பிள்ளைகள் நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் ரௌட்டர் இருப்பதே எக்ஸ்டெண்டரின் கண்ணில் படவில்லை என்றால் சேனலைப் பாருங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடாரும் பயன்படுத்துவதால், அங்கே இயங்கும் கருவி ரேடார் அலை தென்பட்டால் விலக வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. அந்த வம்பே வேண்டாம் என்று சில எக்ஸ்டெண்டர்கள் அந்தச் சேனல்களைத் தொடுவதே இல்லை. ரௌட்டரை 36க்கோ 44க்கோ மாற்றினால் தெரிய ஆரம்பித்துவிடும்.

இணைக்கும் வேலை பெரும்பாலும் டபிள்யூபிஎஸ் என்ற, பாஸ்வேர்டு தட்டாமல் இணைக்கும் பொத்தானில் முடிந்துவிடும்: ரௌட்டரில் ஒரு அழுத்து, இரண்டு நிமிடத்துக்குள் பெட்டியில் ஒரு அழுத்து. இதே டபிள்யூபிஎஸ்ஸின் எட்டு இலக்க பின் எண் முறையை மட்டும் அணைத்துவையுங்கள். எட்டு இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் முயன்றாக வேண்டும் என்று தோன்றும். ஆனால் ரௌட்டர் அதை இரண்டு பாதியாகத் தனித்தனியே சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். ஆகவே 11,000 முயற்சிக்குள் உடைத்துவிடலாம் என்று 2011இல் வெளிவந்தது. டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஎஸ்ஸுக்கு இடமே இல்லை. எக்ஸ்டெண்டரும் ஒரு சின்னக் கணினி என்பதால் அதன் நிர்வாகப் பக்கத்துக்கும் பாஸ்வேர்டு, அவ்வப்போது மென்பொருள் புதுப்பிப்பு இரண்டும் வேண்டும். ரௌட்டரின் வை-ஃபை பாஸ்வேர்டை மாற்றினால் இதற்கும் சொல்லியாக வேண்டும். மறந்துவிட்டால் பெயரை மட்டும் அறிவித்துக்கொண்டு உள்ளே நெட் இல்லாமல் நிற்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எக்ஸ்டெண்டர் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ரௌட்டருக்குப் பக்கத்தில் நின்று வேகத்தைச் சோதியுங்கள். அங்கேயே வேகம் இல்லை என்றால் பிரச்சினை வை-ஃபையில் இல்லை, எத்தனை பெட்டி செருகினாலும் தீராது. அங்கே நன்றாக இருந்தால், ரௌட்டரைத் தரையிலிருந்து தூக்கி வீட்டின் நடுப்பகுதிக்கு அருகே வைக்க முடியுமா என்று பாருங்கள். காசில்லாத வைத்தியம் இது, பாதி வீடுகளில் இதோடு கதை முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

கேபிள் இழுக்க வழி இருந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. பல எக்ஸ்டெண்டர்களில் கேபிள் செருகும் ஈதர்நெட் துளையும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற முறையும் இருக்கும். ரௌட்டரிலிருந்து கேபிள் கொண்டுவந்து செருகி அந்த முறைக்கு மாற்றிவிட்டால், காற்றில் இரட்டைப் பயணம் நின்றுவிடும். அப்போது பெட்டியை அந்தக் கடைசி அறையிலேயே வைக்கலாம், ரௌட்டர் இல்லாத வேறு சேனலும் கொடுக்கலாம். மெஷ் என்ற பெயரில் வரும் பெட்டிக் கூட்டங்களும் கேபிள் இல்லாதபோது இதே அஞ்சலோட்டத்தைத்தான் ஆடுகின்றன. இயற்பியல் அவற்றுக்கு மட்டும் சலுகை தருவதில்லை. அவை ஒரே தயாரிப்பாளரின் பெட்டிகள் என்பதால் ஒன்றுக்கொன்று ஒத்துப்பேசிப் போன்களை இடம் மாற்றிவிடும், சிலவற்றில் பெட்டிகளுக்குள் பேசிக்கொள்ளவே மூன்றாவதாக ஒரு ரேடியோ இருக்கும். வெவ்வேறு நிறுவனப் பெட்டிகளும் சேர்ந்து இயங்க 2018இல் ஈஸிமெஷ் என்ற திட்டம் வந்தது. ஒரே ஒரு அறைதான் தொல்லை என்றால் இதற்கெல்லாம் போக வேண்டாம், எக்ஸ்டெண்டர் போதும். எக்ஸ்டெண்டருக்கு ஒரு எக்ஸ்டெண்டர் என்று சங்கிலி போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு கைமாறலுக்கும் அதே பொட்டலம் காற்றில் இன்னொரு முறை பறக்க வேண்டியிருக்கும்.

என் பெட்டி இன்னும் நடைவழியில்தான் இருக்கிறது, போர்டு போட்டுக் கொஞ்சம் உயரத்தில். பின்னறையில் போன் இப்போது பாதி சிக்னல்தான் காட்டுகிறது. வட்டம் சுற்றுவதில்லை.